முப்பத்தொரு எலும்புகள்

ஜூலை பதினாறு, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தேன். முதல் நாள் மழை இல்லை. பின்பக்கத்து வாளி காய்ந்து கிடந்தது. ஐந்து நாற்பதுக்குக் குளியல். ஆறு ஐந்துக்குத் தேநீர், இரண்டு பிஸ்கட். என் கணவரின் மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, வழக்கம்போல் சாப்பாட்டு மேசையின் வலது மூலையில். ஆறு முப்பத்தைந்துக்குக் கேட்டைத் திறக்கப் போனேன்.

இதுவரை என் நாட்குறிப்பில் எல்லா நாட்களையும் போலவே இருக்கிறது. அடுத்த வரியில்தான் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

கேட்டுக்கு உள்பக்கம், இடது தூணுக்கு அடியில், கறுப்புத் துணிப் பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு. சிவப்பு நூலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

முதல் நாள் மாலை ஏழு மணிக்கு நான் கேட்டைப் பூட்டியபோது அங்கே ஒன்றும் இல்லை. அப்படியானால் யாரோ கம்பி இடைவெளியில் கையை விட்டு உள்ளே வைத்திருக்க வேண்டும். எங்கள் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே பெரியவர்கள் கை நுழையாது. அதையும் கவனித்தேன். அதிலிருந்து வந்திருக்க வேண்டிய முடிவுக்கு மட்டும் வரவில்லை.

குடை முனையால் முடிச்சைத் தளர்த்தினேன்.

உள்ளே ஒரு களிமண் பொம்மை. விரல் நீளம். கை இரண்டு, கால் இரண்டு, நான்கும் செம்பனை மட்டையின் முட்கள். ஐந்தாவதாக ஒரு மெல்லிய முள், கையிலிருந்து நெஞ்சுப் பக்கமாகச் சாய்ந்து செருகியிருந்தது. பொம்மைக்குக் கீழே பாதியாக வெட்டிக் காயவைத்த எலுமிச்சை. சுற்றிலும் எலும்புகள். சில ஊசி போல, சில அரிசி போல. எண்ணினேன். முப்பத்தொன்று.

பொம்மையின் தலையில் முடி இருந்தது. நூலோ நாரோ அல்ல, முடி. பாதி நரை, பாதி கறுப்பு, நுனியில் மருதாணிச் சிவப்பு. எங்கள் வீட்டு வரிசையில் தலைக்கு மருதாணி போடுகிறவள் நான் ஒருத்திதான்.

“சரோ, என்ன அங்க குனிஞ்சிக்கிட்டு நிக்கிற?” என்று கேட்டுக்கொண்டே வந்த என் கணவர், பார்த்ததும் நின்றுவிட்டார்.

“தொடாத. கைய வச்சிடாத.”

“தொடலீங்க. குடையாலதான்.”

“அப்ப குடையும் போச்சு. அத வீட்டுக்குள்ள கொண்டாந்துடாத லா.”

“எனக்கு இதுலல்லாம் நம்பிக்க இல்லைங்க.”

“நம்பிக்க இல்லாதவ எதுக்கு எண்ணுன?”

குடையைத் தூணில் சாய்த்து வைத்தேன்.

“முடி எடுத்திருக்காங்க சரோ. வெளையாட்டு இல்ல இது. நீ வேலைக்குக் கெளம்பு, நான் பாத்துக்கிறேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்து வீட்டைப் பார்த்தோம்.

சந்தேகத்துக்குச் சம்பளம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி என்பது தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். பழக்குலை ஏற்றி வரும் லோரி முதலில் மேடையில் நிற்கும். எடையைக் குறிப்பேன். குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பி வந்து மறுபடி நிற்கும். மறுபடி குறிப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலையின் எடை.

கேட்பதற்கு எளிது. ஆனால் வரும்போது உள்ளே உட்கார்ந்திருந்த, டிரைவரின் உதவியாளான கிளிண்டர், போகும்போது இறங்கி ஓரமாக நடந்து வருவான். வரும்போது நிறைந்திருந்த தண்ணீர் டின் போகும்போது காலியாக இருக்கும். ஒரு டிரைவர் உள்ளே வரும்போது உபரி டயர் இரண்டு வைத்திருந்தார், வெளியே போகும்போது ஒன்று. “டயரும் பழுத்து விழுந்துடுச்சா அண்ணே?” என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

இருபத்தாறு வருடங்களாக, சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தை ஆலை வாசலில் கழற்றி மாட்டிவிட்டு வர முடிவதில்லை. மீன்காரர் தராசில் கையை எங்கே வைக்கிறார் என்று பார்ப்பேன். கல்யாண மண்டபத்தில் யார் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணையும் இந்தக் கண்ணால்தான் ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டைப் பெட்டிகளில் என்ன

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில், உள்ளே ஒதுங்கிய ஒரு குடியிருப்புத் தாமான் எங்களுடையது. முன்னால் வரிசை வீடுகள். பின்னால் ஒரு சந்து, ஒரு வாய்க்கால், அதற்கப்பால் செம்பனை. பக்கத்து வீடும் எங்களுடையதுதான். என் கணவர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றபோது வந்த சேமிப்பில் வாங்கி, வாடகைக்கு விடுகிறோம்.

தேவிகா அங்கே குடிவந்தது சீனப் புத்தாண்டு முடிந்த சமயம். முப்பது வயதிருக்கும். மூத்தவள் தனுஷா, ஆறு வயது. சின்னவன் கவின், நான்கு. கணவர் ரவாங்கில் தொழிற்சாலை வேலை. வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை போய்விடுவார்.

குடிவந்த நாளைப் பற்றி என் குறிப்பு இப்படி இருக்கிறது: “சாமான் குறைவு. அட்டைப் பெட்டி பதினொன்று. நான்கு கனமில்லை. பெண் அவற்றைத் தானே தூக்கினாள், லோரிக்காரரைத் தொடவிடவில்லை. உள்ளே என்ன?”

பிறகு வந்தவை: “பிள்ளைகள் இரண்டும் தாடிகா பாலர்பள்ளிக்குப் போகவில்லை.” “காலை ஒன்பதுக்குப் பின்சந்தில் மூவரும் குனிந்து நடக்கிறார்கள். எதையோ பொறுக்குகிறார்கள்.” “செகிஞ்சானிலிருந்து ஒரு சாக்கு வைக்கோலும் ஒரு பை சிப்பியும் வந்தன. மாடு இல்லாத வீட்டுக்கு வைக்கோல் எதற்கு?” “வேலியில் வெங்காய வலைப்பை தொங்குகிறது. உள்ளே நார் மாதிரி ஏதோ.”

ஒரு சனிக்கிழமை, வேலியோரம் துணி உலர்த்தும்போது நேராகவே கேட்டேன்.

“ஏம்மா, பிள்ளைய தாடிகாவுக்கு அனுப்பலியா?”

“வீட்லயே சொல்லிக் குடுக்கிறேன்க்கா. போன வருசம் ரெண்டு மாசம் போனா. இலைக்குப் பச்சைதான் அடிக்கணும்னாங்க. இவ மஞ்ச, பழுப்பு, ஓட்டை எல்லாம் போட்டா. திருத்தித் திருத்திக் காட்டுனாங்க. அப்புறம் பென்சிலத் தொடவே மாட்டேன்னுட்டா.”

ஒரு நிறத்துக்காக யாராவது படிப்பை நிறுத்துவார்களா? வேறு காரணம் இருக்கும் என்று எழுதி, அடிக்கோடிட்டேன்.

அவர்கள் செய்தவை எல்லாம் எனக்கு வேலி வழியாகத் தெரியும். இலையைத் தாளுக்கு அடியில் வைத்து, மேலே மெழுகு வண்ணத்தைப் படுக்கவைத்துத் தேய்ப்பார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். முட்டை அட்டையின் குழிகளில் ரப்பர் விதை, புளியங்கொட்டை, சிவப்புச் சாகா விதை என்று இனம் பிரித்துப் போடுவார்கள். சுவரோரம் ஒரு மூடியில் சர்க்கரை, இன்னொன்றில் உப்பு வைத்து, எதற்கு எத்தனை எறும்பு வருகிறது என்று கோடு போட்டு எண்ணுவார்கள்.

ஒருநாள் தாளை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்திருந்தார்கள். அதன் மேல் அந்தப் பெண் குழந்தை சோப்புத் தண்ணீர்த் தூரிகையால் இழுத்தாள். இழுத்த இடமெல்லாம் ரத்தம் மாதிரி சிவந்தது. குழந்தையின் விரல்கள் பத்தும் சிவப்பு. அம்மாக்காரி சிரிக்கிறாள். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது நமக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததை வைத்து நிம்மதி அடையாமல், “சிவப்பு” என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

முட்டை வைத்த வாசல்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல விருப்பமில்லை.

நான் பிறந்த தோட்டத்தில் லயங்கள், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைகள், இப்போது இல்லை. ஆலைக்குப் போகும் வழியில் அந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு முட்டை இருந்தது. மையும் குங்குமமும் தடவிய முட்டை.

எங்கள் அப்பா அப்போது மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்குபவர். அவருக்கு ஆகாதவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். ஆனால் எல்லாருடைய வாயும் கடைசி வீட்டுக்காரி பேரைத்தான் சொன்னது. அவள் வேர், பட்டை, காய்ந்த தழை என்று எதையாவது கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். அது போதுமானதாக இருந்தது. குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

மூன்று வாரத்தில் அவர்கள் கிளம்பினார்கள். அம்பாங் பெச்சா பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். லோரிக்குச் சொல்லி அனுப்பியது அப்பாதான். பெரிய உதவி செய்ததுபோல் கைகட்டி நின்று பார்த்தார்.

அவர்கள் போய் இரண்டு மாதம் இருக்கும். எங்கள் வாசலில் மறுபடியும் ஒரு முட்டை இருந்தது.

அப்பா அதை எடுத்துக் குப்பைக் குழியில் எறிந்துவிட்டு வேலைக்குப் போனார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஒரு மாதம்

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆலையில் ஓர் எடையைத் தப்பாக எழுதினேன். டிரைவரே திருத்தினார். பொட்டலத்தை விட அந்த முடிதான் நினைப்பில் நின்றது. நான் சீவிய முடியை யாரோ குனிந்து எடுத்து, பத்திரப்படுத்தி, ஒரு மண் தலையில் நட்டு வைத்திருக்கிறார்கள்.

மூன்று நாற்பதுக்கு வீடு திரும்பினேன். எங்கள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பக்கத்துக் கேட்டுக்குப் போனேன்.

“தேவிகா.”

“வாங்கக்கா. என்ன, உடுப்பு கூட மாத்தாம வந்துட்டீங்க? உள்ள வாங்க.”

“இல்ல, இங்கயே சொல்லிட்டுப் போறேன். வீடு எங்களுக்குத் தேவப்படுது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்க.”

அவள் கையில் ஒரு துணி இருந்தது. அதை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

“எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமாக்கா?”

“எங்களுக்குத் தேவ.”

“சொந்தக்காரங்க யாராச்சும் வராங்களா?”

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொல்லவும் வரவில்லை.

“தனுஷாவ இங்கதான்க்கா தமிழ்ப்பள்ளியில பதிஞ்சிருக்கேன். ஜனவரில ஒண்ணாம் ஆண்டு. இந்த விலாசம் குடுத்துத்தான் எடம் கெடச்சுது.” குரல் இறங்கியது. “ரவாங்ல மூணாவது மாடி, மண்ணே கெடையாது. அதுக்கப்புறம் தஞ்சோங் காராங்ல ஒரு வீடு. பிள்ளைங்க சுவரோரம் தோண்டுறாங்கன்னு போகச் சொல்லிட்டாங்க. இது மூணாவது வீடுக்கா.”

மூன்றாவது வீடு! வேறு யாராக இருந்தாலும் இரக்கப்பட்டிருப்பார்கள். ஏற்கெனவே ஓர் இடத்தில் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போது தேவிகாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“ஆண்ட்டி, பொம்ம புடிச்சிருக்கா?”

“எந்தப் பொம்ம?”

“கேட்ல வச்சேன்ல. நேத்து நீங்க பூட்டுனப்புறம். அம்மாவுக்கே தெரியாது. அது நீங்கதான்!”

தேவிகா திரும்பிப் பார்த்தாள். “என்ன வச்ச? எப்ப வெளிய போன நீ?”

“சர்ப்ரைஸ்மா.”

மேசை மேல் ஒரு குடும்பம்

உள்ளே போனேன். ஐந்து மாதத்தில் முதல் முறை.

கூடத்து மேசை மேல், அட்டையில் வரிசையாக நான்கு மண் பொம்மைகள். அம்மா, அப்பா, தனுஷா, கவின். எல்லாவற்றுக்கும் செம்பனை முள்ளால் கை கால். எல்லாவற்றுக்கும் முடி. அப்பா பொம்மைக்கு மட்டும் முடி மிகக் குறைவு.

“அப்பாவுக்கு அவ்ளோதான் ஆண்ட்டி இருக்கு” என்றான் கவின்.

சுவரோரம் அந்தக் கனமில்லாத பெட்டிகள் திறந்து கிடந்தன. காய்ந்த இலை, விதை, பஞ்சு, இறகு. வேறு எதுவும் இல்லை. நான் உள்வரை பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“என் முடி ஒனக்கு எப்படிக் கெடச்சுது?”

“நீங்க பின்னாடி படியில ஒக்காந்து சீவிட்டு, உருட்டித் தூக்கிப் போடுவீங்கல்ல? குருவி கூடு கட்டுறதுக்கு எடுத்து வலையில வச்சோம். கொஞ்சம் உங்க பொம்மைக்கு எடுத்துக்கிட்டேன்.”

“கறுப்புத் துணி?”

“அவரோட பழைய வேலக் காற்சட்டை” என்றாள் தேவிகா மெதுவாக. அவளுக்கு விஷயம் புரியத் தொடங்கியிருந்தது.

“எலுமிச்சம் பழம்?”

“அது நாற்காலி” என்றாள் தனுஷா. இதுகூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தாள். “நெஞ்சுகிட்ட இருக்கிற முள்ளு பேனா. நீங்க எப்பவும் எழுதிக்கிட்டே இருப்பீங்கல்ல.”

“எலும்பு?”

“நீங்க எண்ணுறதுக்கு! லோரி எல்லாம் எண்ணுவீங்கன்னு அம்மா சொன்னாங்க. எண்ணுனீங்களா?”

“எண்ணுனேன்.”

“எத்தன?”

“முப்பத்தொண்ணு.”

அவள் முகம் சுருங்கியது. முட்டை அட்டையைக் கொண்டுவந்தாள். பத்துக் குழிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். “இல்ல ஆண்ட்டி. இதுல பத்து, இன்னொரு வாட்டி பத்து, இன்னொரு வாட்டி பத்து. முப்பதுதான் வச்சேன்.”

“நான் தப்பா எண்ண மாட்டேன்மா.”

“நானும்தான்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். “ஒண்ணு ஒடஞ்சிருக்கும்” என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். குடை முனையால் கிளறியது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

கம்பத்துக்கு அடியில்

எனக்கு அப்போதும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. எலும்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விட மாட்டேன் என்றேன். ஐந்து மணிக்கு நால்வரும் பின்சந்து வழியாகப் போனோம். வாய்க்கால் பலகையைத் தாண்டி, செம்பனையின் முதல் வரிசையில் உயரமான கம்பம் ஒன்று. அதன் தலையில் மரப்பெட்டி. எலி பிடிப்பதற்காகத் தோட்டத்தார் ஆந்தை வளர்க்கும் பெட்டி. ஆலைக்குப் போகும் வழியெல்லாம் இவற்றைப் பார்த்திருக்கிறேன். அடியில் போய் நின்றதில்லை.

தரையில் சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் பருமனில் இரண்டு உருண்டைகள் கிடந்தன.

“ஆந்த எலிய அப்படியே முழுங்கிடும்க்கா. முடியும் எலும்பும் செரிக்காது. இப்படி உருண்டையாத் துப்பிடும். சூடு பண்ணி, ஊற வச்சு, கையுறை போட்டுத்தான் பிரிப்போம்.” தேவிகா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “வீட்ல ஒரு முழு எலிய அட்டையில ஒட்டி வச்சிருக்கா. வால் நுனி மட்டும் இன்னும் கெடைக்கல.”

ஒரு குச்சியால் ஓர் உருண்டையைப் பிரித்தேன். உள்ளே ரோமம். ரோமத்துக்குள் ஒரு சின்னத் தாடை, ஆரஞ்சு நிறப் பற்களோடு. எலியின் பல் ஆரஞ்சு நிறம் என்பது ஐம்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரியவந்தது.

“இப்ப நம்புறீங்களா?” என்று கேட்டாள் தனுஷா. நான் எதை நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. ஆந்தையைத்தான் சொல்கிறாள்.

“நம்புறேன்.”

“பொம்மைய எங்க வச்சிருக்கீங்க?”

“வீட்டுக்குள்ள” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

“காலையிலேயே வாய்க்கால்ல விட்டுட்டேன். சூடம் கொளுத்தி, திரும்பிப் பாக்காம வந்தேன். ஏன்?”

“அது ஆறு வயசுப் பிள்ள எனக்குப் பண்ணுன பொம்மைங்க.”

நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துச் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, “குடையையும் விட்டுட்டேன்” என்றார்.

இரண்டு வீட்டுக்கு நடுவே

ஆறரைக்கு மறுபடி போனேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன்: பொம்மை தண்ணீரில் போய்விட்டது, நாங்கள் பயந்துவிட்டோம்.

“எங்கிட்டயா பயந்தீங்க?” தனுஷாவுக்கு அழுகை வரவில்லை. வியப்பாக இருந்தது.

“சுடாத மண்ணு. கரைஞ்சிருக்கும்” என்றான் கவின், ஆறுதல் சொல்வதுபோல்.

தேவிகா இருவரையும் உள்ளே அனுப்பினாள்.

“மந்திரம்னு நெனச்சீங்களாக்கா?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “எம் பிள்ளையவா?”

“தப்புதான். நீங்க எங்கயும் போக வேணாம். நான் சொன்னத மறந்துடு.”

“எப்படிக்கா மறக்கிறது? மத்தியானம் போன்னு சொன்னீங்க. இப்ப இருன்னு சொல்றீங்க. நாளைக்கு எம் பிள்ள ஒரு பாம்புச் சட்டையக் கொண்டாந்து வேலியில காயப்போடுவா. அப்ப நான் எங்கக்கா போவேன்? நம்ம நடுவுல ஒரு காகிதம் கூட இல்ல. இன்னிக்கு ராத்திரியே அவருகிட்ட வேற வீடு பாக்கச் சொல்லப்போறேன். நீங்க சொல்லி நாங்க போறதுக்கு, நாங்களாப் போறது மேல்.”

திரும்பினேன். எங்கள் கேட்டுக்கு வந்து நின்றேன். அப்பா லோரிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றது அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. அவருக்கு இரண்டாவது முட்டை வந்தபோதுதான் தெரிந்தது. அப்போது தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு ஆள் இருந்தது. இருபதடி தூரத்தில், தேவிகாவின் அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

லோரி, டிரைவர், டயர், மீன் தராசு என்று உலகத்தையெல்லாம் எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறேன். என்னைப் பிடித்து வைக்க ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. கேட்காமல் விட்டது அவள் அப்பாவித்தனம். கொடுக்காமல் விட்டது என் கணக்கு.

மறுநாள் புதன்கிழமை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். அரிசி களையவில்லை. குளிக்கவில்லை. முதல் வேலையாக மேசையில் உட்கார்ந்து வாடகை ஒப்பந்தம் எழுதினேன், கார்பன் இல்லாமல், கையாலேயே இரண்டு பிரதி. இரண்டு வருடத்துக்கு வீடு அவர்களுடையது. அதற்குள் போகச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பின்பக்கத்தில் பிள்ளைகள் மண் தோண்டலாம். இலை, விதை, எலும்பு, இறகு முதலியவை சேர்க்கலாம், காயவைக்கலாம்.

ஆறு பத்துக்குத் தேவிகாவின் கதவைத் தட்டினேன். கலைந்த தலையோடு வந்தாள். வாசல் விளக்கடியில் நின்று படித்தாள். நான் லோரிக்காரர்களின் சீட்டைப் படிப்பதுபோல், ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து.

“எலும்புன்னு கூட எழுதியிருக்கீங்க.”

“எழுதுனேன்.”

“பாம்புச் சட்ட இல்லியே.”

“‘முதலியவை’ன்னு போட்டிருக்கேன்.”

சிரிக்கவில்லை. என் பேனாவை வாங்கினாள். கடைசி வரிக்குக் கீழே, இரண்டு பிரதியிலும், நிதானமாக ஒரு வரி சேர்த்தாள்: “எதுவாக இருந்தாலும் முதலில் வந்து கேட்க வேண்டும்.”

அந்த வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். அவள் போடவில்லை.

“வெள்ளிக்கிழமை அவர் வரட்டும்க்கா. ரெண்டு பேரும் படிச்சிட்டுச் சொல்றோம்.”

“சரி” என்றேன். எனக்கென்று ஒரு பிரதியைக்கூட எடுத்துக்கொள்ளாமல், இரண்டையும் அவள் கையிலேயே விட்டுவிட்டு வந்து அரிசியைக் களைந்தேன்.